பழைய சீலன்டிலிருந்து புதிய சீலன்டுக்கு: கார் பெயின்ட்டின் மேல்பூச்சை மாற்ற ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசியின் முதல் பெருமழை ஓய்ந்ததும் கீழே இறங்கிப் போய்க் காரைப் பார்த்தேன். பானெட்டின் இடது பாதியில் நீர் முத்து முத்தாக உருண்டு நின்றது. வலது பாதியில் அதே மழைநீர் ஈரத்துணி விரித்தாற்போலப் படிந்து கிடந்தது. கூரையில் கையகலத்துக்கு மூன்று இடங்களில் முத்துகள் தெரிந்தன. மற்ற இடமெல்லாம் தட்டையான நீர். மூன்று வாரங்களுக்கு முன்புதான் கார் முழுவதும் புதிய சிலிக்கா சீலன்ட், அதாவது பெயின்ட்டைக் காக்கும் மெல்லிய மேல்பூச்சு, பூசியிருந்தேன். அதற்கு அடியில், இரண்டு ஆண்டுகளாக நான் பூசிவந்த பாலிமர் சீலன்ட் இருந்தது. அதை அகற்றாமலே புதியதைப் பூசியதுதான் காரணம். புதிய பொருளில் எந்தக் குறையும் இல்லை என்பது, பிறகு முறையாக எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி பூசியபோது தெரிந்தது.

என் கார் ஆறு ஆண்டு ஓடிய அடர்நீல செடான். திருவான்மியூரில், கடற்காற்று நேராக வந்து மோதும் தெருவில், தூங்குமூஞ்சி மரத்தடியில் திறந்தவெளியில் நிற்கிறது. வெயில், உப்புக்காற்று, காக்கை எச்சம், மரத்திலிருந்து சொட்டும் பிசுக்கு, போர்வெல் தண்ணீர் எல்லாம் அதற்கு அன்றாடம். கீழே எழுதியிருப்பது இப்படிப்பட்ட காரை மனத்தில் வைத்துத்தான். மூடிய கொட்டகையில் நிற்கும் காருக்கும் படிகள் இவைதாம், அவசரம்தான் குறைவு.

புதியது ஏன் பழையதன் மேல் ஒட்டுவதில்லை

காரின் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற அடுக்கு இருக்கிறது. அதன் தடிமன் சுமார் 40 முதல் 50 மைக்ரான். தலைமயிரின் பருமனைவிடக் குறைவு. வெயிலின் புற ஊதாக் கதிரைத் தாங்குவது முக்கியமாக இந்த அடுக்குதான். சீலன்ட் இதன் மேல் ஒரு மைக்ரானுக்கும் குறைவான படலமாகப் படிகிறது. பாலிமர் சீலன்டுகளில் சிலிகோன் வகை மூலக்கூறுகள் கிளியர் கோட்டைப் பற்றிக்கொண்டு, சில மணி நேரத்தில் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. சிலிக்கா வகைகளில் சிலேன், சிலாக்சேன் போன்றவை அதே வேலையை இன்னும் உறுதியாகச் செய்கின்றன.

இரண்டுக்கும் தேவை ஒன்றே: பற்றிக்கொள்ள வெறும் கிளியர் கோட். பழைய சீலன்டின் வேலையே எதையும் தன்மேல் ஒட்டவிடாமல் தடுப்பதுதான். நீரை உருட்டித் தள்ளும் அந்தக் குணம், மேலே வரும் புதிய சீலன்டையும் தள்ளுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய அடுப்பங்கரைச் சுவரில் சுண்ணாம்பு அடித்தால் பிடிக்குமா? அதே கதைதான். பழையது தேய்ந்துபோன இடத்தில் புதியது பிடித்துக்கொள்ளும்; பழையது இன்னும் இருக்கும் இடத்தில் மேலோட்டமாக ஒட்டிப் பிறகு போய்விடும். என் பானெட் பாதி முத்தும் பாதி தட்டையுமாக நின்றது இதனால்தான்.

முதலில் கண்டறிய வேண்டியது: இப்போது மேலே என்ன இருக்கிறது?

நீங்களே பூசியிருந்தால் தெரியும். பழைய காரை வாங்கியிருந்தாலோ, சர்வீஸ் நிலையத்தில் "கோட்டிங்" என்று எதையோ பூசியிருந்தாலோ ஊகிக்கத்தான் வேண்டும். காரை நன்றாகக் கழுவி, அலசி, அதன் பிறகு தண்ணீர் தெளித்துப் பாருங்கள். கழுவாமல் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். தூசியும் உப்பும் ஏறிய சீலன்ட் உயிரோடு இருந்தாலும் முத்து காட்டாது. "போய்விட்டது" என்று நினைத்து மேலே பூசுபவர்களில் பலர் தவறுவது இந்த இடத்தில்தான்.

கர்னாபா மெழுகு என்றால் கவலை இல்லை. பிரேசில் நாட்டுப் பனை வகை ஒன்றின் இலையிலிருந்து எடுக்கும் இந்த மெழுகு 82 முதல் 86 டிகிரி செல்சியஸில் உருகுவது. சித்திரை வெயிலில் அடர்நிறக் காரின் பானெட் 70 டிகிரியையும் தாண்டிச் சுடும் என்பதை நினைத்தால், நம் ஊரில் அது ஏன் சில வாரங்களில் களைத்துப்போகிறது என்பது புரியும். அதை அகற்றுவது எளிது. பாலிமர் சீலன்ட் வெயிலில் நிற்கும் காரில் நான்கிலிருந்து ஆறு மாதம் தாக்குப்பிடிக்கும். ஷாம்பூவால் மட்டும் போகாது. கண்ணாடி போலக் கெட்டியாக இறுகும் செராமிக் கோட்டிங் என்றால் எந்தத் திரவத்துக்கும் அசையாது. பாலிஷ் போட்டுத் தேய்த்தால்தான் போகும்.

"டெஃப்லான் கோட்டிங்" பற்றி ஒரு வார்த்தை. கார் வாங்கும்போது பலருக்கு இதைச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டெஃப்லான் 327 டிகிரியில் உருகும் பொருள். தோசைக்கல்லில் அதைப் படியவைக்க அந்த அளவு சூடேற்றுகிறார்கள். கார் பெயின்ட்டுக்கு அந்தச் சூட்டைக் காட்ட முடியாது. ஆகவே உங்கள் காரின் மேல் இருப்பது அந்தப் பொருள் கலந்த பாலிஷோ மெழுகோதான் என்று எடுத்துக்கொண்டு, மெழுகை அகற்றுவது போலவே அகற்றலாம்.

எல்லோரும் முழுவதும் அகற்ற வேண்டுமா?

வேண்டாம். ஒரே வகைக்குள் மாறுகிறீர்கள், அதாவது ஒரு பாலிமரிலிருந்து இன்னொரு பாலிமருக்கு, பழையதைப் பூசி ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது என்றால், நன்றாகக் கழுவி, இரும்புத்தூள் நீக்கி, கிளே பார் (பெயின்ட்டில் ஒட்டிய துணுக்குகளை எடுக்கும் களிமண் போன்ற கட்டி) தேய்த்துவிட்டுப் பூசினாலே பெரும்பாலும் போதும். கீழே செராமிக் கோட்டிங் நல்ல நிலையில் இருந்தால் அதைத் தொடவே கூடாது; சுத்தம் செய்துவிட்டு அதன் மேல் பூசுவதற்கென்றே வரும் சிலிக்கா தெளிப்பைப் பூசினால் போதும். செலவு செய்து போட்ட கோட்டிங்கைச் சீலன்டுக்காக உரித்தெடுப்பது வீண்.

மெழுகிலிருந்து சீலன்டுக்கும், பாலிமரிலிருந்து சிலிக்காவுக்கும் போகிறவர்கள்தாம் கீழே உள்ள எல்லாப் படிகளையும் செய்ய வேண்டும். சீலன்டின் மேல் மெழுகு பூசலாம், அது தங்கும். மெழுகின் மேல் சீலன்ட் தங்காது.

அண்மையில் டிங்கரிங் செய்து புதிதாகப் பெயின்ட் அடித்த பாகம் இருந்தால், அதற்கு மட்டும் இரண்டு மாதமாவது பொறுத்திருங்கள். பட்டறையில் அடித்த பெயின்ட்டிலிருந்து கரைப்பான்கள் மெல்ல ஆவியாகி வெளியேற வேண்டும். அதற்குள் அதை மூடக்கூடாது. மங்கல் நிற மேட் பெயின்ட் கொண்ட கார்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. அவற்றில் பாலிஷ் பட்டால் அந்த மங்கல் தன்மையே அழிந்து, பளபளப்புத் திட்டுகள் நிரந்தரமாகிவிடும்.

முழுக் காருக்கு முன் அரைப் பானெட்

இதைச் செய்யாமல் நேரடியாக மாறியதுதான் நான் முதலில் செய்த தவறு. பானெட்டின் நடுவே மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தை முழுவதும் சுத்தம் செய்து புதிய சீலன்டைப் பூசுங்கள். மறுபக்கத்தில் பழையதையே புதுப்பித்துப் பூசுங்கள். டேப்பை எடுத்துவிட்டு ஒரு மாதம் வழக்கம்போல ஓட்டுங்கள். இரண்டு பாதியும் ஒரே வெயிலில், ஒரே மழையில், ஒரே காக்கைக்குக் கீழே நிற்கின்றன. எந்தப் பக்கத்தில் தூசி குறைவாக ஒட்டுகிறது, எச்சம் எங்கே எளிதாகக் கழுவப்படுகிறது, உப்புப் பொட்டு எங்கே அதிகம் என்று பாருங்கள்.

இந்தக் கடைசிக் கேள்வி நம் ஊரில் முக்கியமானது. சில சிலிக்கா பூச்சுகள் நீரை உயரமான, இறுக்கமான முத்துகளாக நிறுத்துகின்றன. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் போர்வெல் நீரில் கழுவிவிட்டு வெயிலில் விட்டால், ஒவ்வொரு முத்தும் காய்ந்து ஒரு வெள்ளை வட்டமாகிறது. நீரை முத்தாக்காமல் தகடு போல வழியவிடும் பூச்சு, உப்புத் தண்ணீரும் திறந்தவெளியும் உள்ளவர்களுக்குப் பல நேரம் நல்லது. முத்தின் அழகைப் பார்த்து மட்டும் சீலன்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நாள், இடம், தண்ணீர்

சென்னையிலும் கடலோர மாவட்டங்களிலும் இந்த வேலைக்கு நல்ல காலம் தை, மாசி. வடகிழக்குப் பருவமழை முடிந்திருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. மழைக்காலத்துக்கு முன்பே பூச்சு வேண்டும் என்றால் ஆவணி கடைசியில் செய்யலாம். மாலை இடிமழைக்கு இடம் விட்டுத் திட்டமிடுங்கள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வேண்டும். ஒரே நாளில் முடிக்கப் பார்த்தால் கடைசிப் படியில் அவசரம் வந்துவிடும்.

நிழல் கட்டாயம். பேனலின் மேல் புறங்கையை வைத்தால் குளிர்ச்சியாகவோ வெதுவெதுப்பாகவோ இருக்க வேண்டும், சுட்டால் தள்ளிப்போடுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் தரைத்தள நிறுத்துமிடம் இருந்தால் அதைவிடச் சிறந்த இடம் இல்லை. மரநிழல் கூடாது, நான் சொல்லாமலே தெரியும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே பாதி வேலை தண்ணீரில்தான் கெடுகிறது. குடிநீரில் கரைந்த உப்பின் அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்பது இந்தியத் தர நிர்ணயம்; வேறு வழியில்லாதபோது 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. கடலோரப் போர்வெல்கள் பல முதல் எல்லையை எளிதாகத் தாண்டும். டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்துபாருங்கள். கழுவுவதற்குப் போர்வெல் நீர் பரவாயில்லை, உடனே துடைத்துவிட்டால். ஆனால் கடைசி அலசலுக்கும், ஆல்கஹால் கலப்பதற்கும் ஆர்.ஓ. நீரோ, சேர்த்துவைத்த மழைநீரோ வேண்டும். 15 லிட்டர் இருந்தால் தாராளம்.

பல வீடுகளில் ஆர்.ஓ. இயந்திரம் வெளியேற்றும் கழிவுநீரை வாளியில் பிடித்து அதில் கார் கழுவுகிறார்கள். தண்ணீரை மிச்சப்படுத்தும் நல்ல எண்ணம்தான். ஆனால் வடிகட்டியதில் மிஞ்சிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் செறிந்திருக்கிறது. அதைத் தரை கழுவப் பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம்.

எடுத்துவைக்க வேண்டியவை

இரண்டு வாளி, பஞ்சுபோன்ற மைக்ரோஃபைபர் கையுறை, காரத்தன்மையுள்ள முன்கழுவல் திரவம், சாதாரணக் கார் ஷாம்பூ, இரும்புத்தூள் நீக்கி, தார் நீக்கி, மென்மையான வகைக் கிளே பார், நுண்ணிய பாலிஷ், அதைப் பூச மென்மையான ஸ்பாஞ்ச், மாஸ்கிங் டேப், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், தெளிப்பான் புட்டிகள், ரப்பர் கையுறை, டார்ச். மைக்ரோஃபைபர் துணி 300 முதல் 400 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) அளவில் பத்தாவது வேண்டும். புதிய துணியானாலும் ஒருமுறை அலசி உலர்த்துங்கள். துணியை மென்மையாக்கும் கண்டிஷனரில் ஊறவைக்க வேண்டாம். அதன் பிசுக்கு இழையில் தங்கி, பேனலில் கோடு கோடாக இறங்கும்.

முதல் படி: கழுவுதல்

காரத்தன்மையுள்ள திரவத்தை உலர்ந்த கார் மேல் கீழிருந்து மேலாகத் தெளித்து, மூன்று நான்கு நிமிடம் விட்டு, காய்வதற்குள் அழுத்தமான நீரில் அலசுங்கள். பழைய சீலன்டின் மேல் ஏறியிருக்கும் எண்ணெய்ப் படலத்தை இது இளக்குகிறது. பிறகு இரண்டு வாளி முறை: ஒன்றில் ஷாம்பூ நீர், மற்றதில் வெறும் நீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள். ஒவ்வொரு பேனலுக்குப் பிறகும் கையுறையை வெறும் நீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் தோய்க்க வேண்டும். சக்கரங்களுக்குத் தனித் துணி.

பாத்திரம் கழுவும் திரவம் எல்லாவற்றையும் உரித்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது வலுவிழந்த மெழுகைக் கொஞ்சம் எடுக்கும், அவ்வளவுதான். இறுகிப் பிணைந்த பாலிமரை அது அசைக்காது. கழுவிய உடனே முத்து நிற்காததைப் பார்த்துச் "சுத்தமாகப் போய்விட்டது" என்று நினைப்பார்கள்; அது பேனலில் தங்கிய சோப்பின் வேலை. அடுத்த மழையில் பழைய முத்துகள் திரும்பி வரும்.

மண்ணெண்ணெயோ டீசலோ கலந்த துணியால் காரைத் துடைக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. துடைத்தவுடன் மினுக்கும், அது எண்ணெய்ப் படலம். உங்கள் காரில் அப்படி நடந்திருந்தால் இந்த முதல் படியை இரண்டு தடவை செய்யுங்கள்.

இரண்டாம் படி: இரும்பு, தார், உப்பு

பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத்தூள் சூடாகப் பெயின்ட்டில் பதிந்து நிற்கும். ரயில் பாதைக்கு அருகில் குடியிருப்பவர்கள், கிரில் பட்டறைக்குப் பக்கத்தில் காரை நிறுத்துபவர்கள் கார்களில் இது இன்னும் அதிகம். இரும்புத்தூள் நீக்கியைத் தெளித்தால் அந்த இடமெல்லாம் ஊதா நிறமாகி வழியும். முடி நீக்கும் கிரீமில் வரும் அதே வகை ரசாயனம் என்பதால் நெடியும் அப்படித்தான் இருக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, நிழலில், ஐந்து நிமிடத்துக்கு மேல் விடாமல், காயவிடாமல் அலசுங்கள். கீழ்ப்பகுதியில் ஒட்டிய தாருக்குத் தார் நீக்கியைத் துணியில் எடுத்து ஒற்றி, அது கரைந்த பின் துடையுங்கள்.

உப்புப் பொட்டுக்கு வெள்ளை வினிகரும் ஆர்.ஓ. நீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்து ஒரு நிமிடம் பொட்டின் மேல் போட்டுவைத்து, பிறகு நிறைய நீரில் அலசுங்கள். புதிய பொட்டு போய்விடும். விரலால் தடவினால் வழவழப்பாக இருந்தும் வட்டம் கண்ணுக்குத் தெரிகிறது என்றால், அது கிளியர் கோட்டை அரித்துவிட்ட தழும்பு, பாலிஷில்தான் குறையும்.

மூன்றாம் படி: கிளே பார்

மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் கையை விட்டு, ஈரமான பேனலைத் தடவிப்பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் துல்லியமாகத் தெரியும். அந்தச் சொரசொரப்பு போகும் வரை கிளே பார் தேய்க்க வேண்டும். கட்டியைத் தட்டையாக்கி, ஷாம்பூ நீரைத் தாராளமாகத் தெளித்து, இரண்டு சாண் அகலச் சதுரமாக, அழுத்தாமல், நேர்கோட்டில் ஓட்டுங்கள். வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இழுத்துப் பிடித்தால் நீர் போதவில்லை. அழுக்கு ஏறிய பக்கத்தை உள்ளே மடித்துப் புதுப்பக்கத்தை எடுங்கள். கீழே விழுந்த கட்டியை எடுத்துப் பயன்படுத்தவே கூடாது. ஒட்டிய ஒரு மணல் துணுக்கு போதும், கதவு முழுவதும் கீறல். துண்டாக வெட்டிவைத்துக்கொண்டால் முழுக் கட்டியையும் தூக்கி எறிய வேண்டியிராது.

நான்காம் படி: பாலிஷ்

பழைய பாலிமரை உண்மையில் வெளியேற்றுவது இந்தப் படிதான். மற்றவை எல்லாம் இதற்கு முன்னேற்பாடு. பயப்பட வேண்டாம், இங்கே தேவைப்படுவது கீறல் நீக்கும் கரடான வகை அல்ல, மிக நுண்ணிய முடிப்புப் பாலிஷ். அது கிளியர் கோட்டில் ஏறக்குறைய ஒரு மைக்ரானோ அதற்கும் குறைவோ எடுக்கும். சீலன்ட் அதைவிட மெல்லியது என்பதால் அதோடு போய்விடும். ஆனால் இருப்பது 40 சொச்சம் மைக்ரான்தான். ஆண்டுக்கு மூன்று தடவை சீலன்டை மாற்றி மாற்றி ஒவ்வொரு தடவையும் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தால் கார் விற்கும் முன்பே பானெட் வெளிறிப்போகும். ஒரு சீலன்டைத் தேர்ந்தெடுத்தால் இரண்டு மூன்று ஆண்டாவது அதோடு இருங்கள்.

கதவு விளிம்பு, பானெட்டின் மடிப்பு, மட்கார்டின் கூர்வரி ஆகிய இடங்களில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும். அங்கெல்லாம் டேப் ஒட்டுங்கள். கறுப்புப் பிளாஸ்டிக் பாகங்களுக்கும் ரப்பருக்கும் டேப் ஒட்டத் தவறினால் பாலிஷ் வெள்ளைக் கறையாக அதில் உறைந்துவிடும்; அதை எடுப்பது பாலிஷ் போடுவதைவிடப் பெரிய வேலை.

கையால் செய்வதானால் ஸ்பாஞ்சில் பட்டாணி அளவு மூன்று நான்கு பொட்டு பாலிஷ் எடுத்து, இரண்டு சாண் சதுரத்தில், முதலில் நீளவாட்டிலும் பிறகு குறுக்குவாட்டிலும், மிதமான அழுத்தத்தில், இரண்டு மூன்று சுற்றுத் தேயுங்கள். காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். எனக்கு முழுக் காருக்கும் நான்கு மணி நேரம் ஆனது. தோள் வலி நிச்சயம். இயந்திரம் வைத்திருந்தால் ஊசலாடிச் சுழலும் இரட்டை அசைவு வகையும் மென்மையான பேடும் பாதுகாப்பானவை. பட்டறைகளில் இருக்கும் நேர்சுழல் பஃபிங் இயந்திரம் பழகிய கைக்கு மட்டும். பழகாத கையில் அது அடர்நிறப் பெயின்ட்டில் ஒளிவட்டக் கோடுகளை விட்டுச்செல்லும். மேலும், ஏற்கெனவே பட்டறையில் பாலிஷ் போட்ட கார் என்றால் கிளியர் கோட் எவ்வளவு மிச்சம் என்று உங்களுக்குத் தெரியாது. அப்போது கையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

எந்த முறையானாலும் கதவின் கீழ்ப்பகுதியில் ஓர் அடி இடத்தில் முதலில் செய்து, டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மற்ற இடத்துக்குப் போங்கள்.

ஐந்தாம் படி: எண்ணெய் நீக்கித் துடைத்தல்

பாலிஷில் எண்ணெய் இருக்கிறது. அது கிளியர் கோட்டின் மேல் தங்கினால் புதிய சீலன்டுக்கு மீண்டும் அதே பழைய பிரச்சினைதான். 150 மில்லி ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை 850 மில்லி ஆர்.ஓ. நீரில் கலந்து தெளிப்பானில் ஊற்றுங்கள். நேரடி ஆல்கஹால் வேண்டாம். மென்மையான பெயின்ட்டை அது உப்பவைத்து மங்கலாக்கக்கூடும், நம் ஊர்ச் சூட்டில் துடைக்கும் முன்பே பறந்தும் போகும். பேனலில் தெளித்து ஒரு துணியால் துடைத்து, உடனே இன்னொரு உலர்ந்த துணியால் மறுபடி துடையுங்கள். நெருப்பு, சிகரெட், அகர்பத்தி எதுவும் அருகில் இருக்கக்கூடாது; காற்றோட்டம் வேண்டும்.

வீட்டில் கொரோனா காலத்துக் கைகழுவும் சானிட்டைசர் மிச்சமிருக்கிறதே, அதுவும் ஆல்கஹால்தானே என்று சிலர் கேட்டார்கள். கை வறண்டுபோகாமல் இருக்க அதில் கிளிசரின் சேர்க்கிறார்கள். எதை நீக்க வந்தோமோ அதைப் போன்ற ஒரு படலத்தையே அது விட்டுப்போகும்.

இப்போது சோதனை. சுத்தமான நீரை மெல்லிய தூறலாகத் தெளியுங்கள். வெறும் கிளியர் கோட்டில் நீர் முத்தாகாமல் பரவி, ஒழுங்கற்ற தகடாக ஒட்டி நிற்கும். எங்காவது உருண்டையான முத்து தெரிந்தால் அங்கே பழையது இருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் மறுபடி பாலிஷ், மறுபடி ஆல்கஹால். கூரையின் நடுப்பகுதியையும் டிக்கி மூடியின் மேல்விளிம்பையும் தவறாமல் பாருங்கள். கை எட்டாததால் பெரும்பாலும் விட்டுப்போவது இங்கேதான். எனக்குக் கூரை நடுவில் இரண்டு தடவை திரும்பச் செய்ய வேண்டியிருந்தது. எல்லாம் சரியென்றதும் காரை முழுக்க உலர்த்துங்கள். கண்ணாடி ஓரத்திலும் கதவுப் பிடிக்குப் பின்னாலும் தேங்கிய நீர், சீலன்ட் பூசும்போது ஒழுகி வந்து கெடுக்கும்.

ஆறாம் படி: புதிய சீலன்ட்

சிலிக்கா தெளிப்பு என்றால் புட்டியை நன்றாகக் குலுக்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே பேனல். பானெட்டையும் கூரையையும் இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். துணியில் இரண்டு மூன்று தெளிப்பு, பேனலில் ஒரு தெளிப்பு. நீளமும் குறுக்குமாகப் பரப்பி, உடனே இரண்டாவது உலர்ந்த துணியால் மினுங்கும் வரை துடையுங்கள். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள காற்றில் இது விரைவாக இறுகும். குளிர்நாட்டில் எழுதிய குறிப்பில் "இரண்டு நிமிடம் விடவும்" என்று இருந்தால், மாசி மாதத்துச் சென்னையில் முப்பது விநாடியிலேயே துடைத்துப் பாருங்கள். துடைக்கத் தாமதித்த இடம் எண்ணெய் வானவில்போல ஒரு திட்டாக நிற்கும். சில நிமிடத்துக்குள் கண்டுபிடித்தால், அதே சீலன்டை லேசாகத் துணியில் தெளித்து அதன் மேல் ஓட்டி உடனே துடைத்தால் மறையும். மறுநாள் கண்டுபிடித்தால் பாலிஷ்தான். ஆகவே ஒவ்வொரு பேனலும் முடிந்ததும் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடித்துப் பாருங்கள்.

பாலிமர் திரவ சீலன்டுக்கு நிதானம் வேறு. ஸ்பாஞ்சில் பூசி, இருபது நிமிடம் விட்டு, விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு தெளிவாக விழுந்தால் துடைக்கலாம். பிசுபிசுத்தால் இன்னும் பொறுக்க வேண்டும். ஒரு செடானுக்கு 20 மில்லிக்கு மேல் தேவைப்படாது. அதிகம் பூசினால் அதிகம் ஒட்டாது. மிஞ்சியதெல்லாம் துணிக்குத்தான் போகும்.

ஈரக் காரில் தெளித்து அலசிவிடும் வகையும் கடைகளில் கிடைக்கிறது. வேலை எளிது. ஆனால் உங்கள் தண்ணீர் உப்பு என்றால், அந்த உப்பையும் சேர்த்துப் பூச்சுக்குள் பூட்டிவைக்கிற ஆபத்து உண்டு. முதல் பூச்சுக்கு உலர்ந்த பேனலில் பூசும் வகையையே எடுங்கள்.

இரண்டாவது பூச்சு போடலாமா? போடலாம், மறுநாள். அது ஆயுளை இரட்டிப்பாக்குவதற்கு அல்ல. முதல் பூச்சில் கண் தவறிய இடங்களை மூடுவதற்கு.

இறுகும் நேரமும் அடுத்த சில வாரங்களும்

முதல் 12 மணி நேரம் ஒரு சொட்டு நீர் படக்கூடாது. 24 மணி நேரம் கிடைத்தால் மிக நல்லது. தை மாதத்தில் விடியற்காலைப் பனி இறங்கும் என்பதால் இரவில் கூரையுள்ள இடம் வேண்டும். கார் உறையைப் போடாதீர்கள். இறுகாத பூச்சில் துணி உரசும். காக்கை எச்சம் விழுந்துவிட்டால் தேய்க்காமல், ஈரத்துணியை அதன் மேல் வைத்து ஊறவிட்டு ஒற்றி எடுங்கள். ஒரு வாரம் ஷாம்பூ வேண்டாம்.

குடியிருப்பில் காலையில் கார் துடைக்க வருபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "அண்ணே, ஒரு வாரத்துக்கு இந்த வண்டியைத் தொட வேண்டாம்; அப்புறமும் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம்" என்று நான் சொன்னேன், அவருடைய மாதச் சம்பளத்தைக் குறைக்காமல். ஒரே வாளி நீரில் பத்துக் கார் துடைக்க வேண்டிய நிலையில் அவர் இருக்கிறார். மணல் ஏறிய துணி எந்தச் சீலன்டையும் மாதக்கணக்கில் தாங்கவிடாது. இரண்டு மைக்ரோஃபைபர் துணியை அவர் கையில் கொடுத்து, என் வண்டிக்கு மட்டும் இவை என்று கேட்டுக்கொண்டேன். அன்றிலிருந்து அவரே அவற்றைத் தனியாக அலசிக் காயவைக்கிறார்.

மாதம் ஒருமுறை கழுவிய பின் நீர் தெளித்துப் பாருங்கள். முத்து சோர்ந்திருந்தால் உடனே சீலன்டைத் தேடாதீர்கள். முதலில் முன்கழுவல் திரவத்தாலும் வினிகர் நீராலும் சுத்தம் செய்து பாருங்கள். பாதித் தடவை அதிலேயே திரும்பி வந்துவிடும். வரவில்லை என்றால் அதே சீலன்டை ஒரு கை பூசினால் போதும். அதே பொருளை அதன் மேலேயே புதுப்பிப்பதற்கு உரித்தெடுக்கத் தேவையில்லை. வெயிலில் நிற்கும் என் காருக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்கிறேன்.

கடைசியாக ஒரு தாள். பூசிய நாள், சீலன்டின் பெயர், அதற்கு முன் என்ன இருந்தது, எந்த இடத்தில் பாலிஷ் போட்டீர்கள், எது பட்டறையில் பெயின்ட் அடித்த பாகம் என்று எழுதி, பதிவுச் சான்றும் காப்பீட்டுத் தாளும் இருக்கும் உறைக்குள் வைத்துவிடுங்கள். என் தாளில் இப்போது ஐந்து வரிகள் இருக்கின்றன. பின் இடது கதவு என்ற இடத்தில், "மறுபடி பாலிஷ் வேண்டாம்" என்று சிவப்பு மையில் எழுதிவைத்திருக்கிறேன்.